முடிச்சு இல்லாத கட்டு

பழைய தூண்டில் கோல் ஒன்றைப் பழுது பார்க்க உட்கார்ந்தால் முதல் வேலை, வளையத்தைப் பிடித்திருக்கும் நூற்கட்டை அறுப்பதுதான். பிளேடைக் கோலின் மேல் வைக்கக் கூடாது. வளையத்தின் உலோகக் காலின் மேல் வைத்து நீளவாக்கில் ஒரே கீறு. மேற்பூச்சு கண்ணாடிச் சில்லுபோல் விரிசல் விடும். நகத்தால் நெம்பினால் நூல் சுருள் சுருளாக எழுந்து வரும். சென்ற மாதம் நான் அப்படி அறுத்தது, பல ஆண்டுகள் உப்புக்காற்றில் உழைத்த ஒரு கார்பன் கோல். வளையத்தின் கால் துருவேறிப் பழுப்பாகியிருந்தது. உள்ளே பதித்த பீங்கான் வட்டம் வெடித்திருந்தது. கட்டை நீக்கித் துடைத்துப் பார்த்தேன். அடியில் இருந்த குழாய் அன்று வாங்கியதுபோலக் கறுத்து மின்னியது. ஒரு துளை இல்லை, ஒரு கீறல் இல்லை.

கோலின் நெடுக ஏழெட்டு வளையங்கள் இருக்கும். ‘கைடு’ என்று கடையில் கேட்டு வாங்குவது இவற்றைத்தான். ரீலிலிருந்து புறப்படும் தங்கூசி நரம்பு இவற்றுக்குள் புகுந்துதான் நுனிவரை போகிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் தட்டையான கால் ஒன்றோ இரண்டோ உண்டு. அந்தக் காலைக் கோலோடு சேர்த்துப் பிடித்திருப்பது, சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூல். மூங்கில் கோல் போய்க் கண்ணாடி இழை வந்தது. அதுவும் போய்க் கார்பன் இழை வந்தது. கோலின் உடம்பு இத்தனை முறை மாறியும் அதன் கட்டு மாறவில்லை. பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட வழக்கம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். இதைவிட நல்ல பிடிப்பு இந்த வேலைக்கு இதுவரை கிடைக்கவில்லை என்பதே என் முடிவு.

ஒரு திருகாணி போட்டால் என்ன? போடலாம், முதல் பெரிய மீனில் கோல் அந்த இடத்தில் ஒடியும். இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காக ஏறுகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். அது உலோகத் தகட்டின் கணக்கு. ஒரே திசையில் ஓடும் கார்பன் இழைகளால் ஆன பொருளில் அந்தப் பெருக்கம் மூன்றையும் தாண்டும். கோல் என்பது உள்ளே வெறுமையான, சுவர் மெலிந்த குழாய். அதன் பலமெல்லாம் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடும் இழைகளில் இருக்கிறது. துளை போடுவது அந்த இழைகளை வெட்டுவது.

சரி, உலோகப் பட்டை போட்டு இறுக்கினால்? பட்டை வளையாது, கோல் வளையும். வளைவு பட்டையின் விளிம்பில் வந்து முட்டி நின்று, சுமை முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவியும். வெறும் பசை போட்டு ஒட்டினால், உலோகக் காலும் கோலும் வேறுவேறு அளவில் வளைவதால் பசை ஓரத்திலிருந்து உரிந்து வரும். நூற்கட்டு மட்டும் கோலோடு கூடவே வளைகிறது. நூறு சுற்றில் ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றிலிருந்து இம்மியளவு விலகிக் கொடுக்கும். நம் கடற்கரைக்கு இந்த அறிவு புதிதல்ல. கட்டுமரத்தின் மரங்கள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, கயிற்றால் கட்டப்பட்டவை. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். கரையோர அலை தூக்கி அடிக்கும்போது தைத்த படகு நெளிந்து கொடுத்தது.

மூங்கில் கோல்களின் காலத்தில் நூலுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈஸ்டன் ஊரில் துப்பாக்கி செய்து வந்த சாமுவேல் ஃபிலிப், மூங்கிலைப் பிளந்து சிம்புகளாகச் சீவி, அவற்றை ஒட்டிக் கோல் செய்த முன்னோடிகளில் ஒருவர். மெய்ன் மாநிலத்தின் பேங்கோர் நகரில் ஹிராம் லெனார்ட் 1870-களில் அந்தச் சிம்புகளைச் சரியான கோணத்தில் சீவ இயந்திரமே செய்துவிட்டார். ஆறு முக்கோணச் சிம்புகள் சேர்ந்து அறுகோணக் கோல் ஆகும். தொடக்கத்தில் இதற்குப் போனது நம் நாட்டு மூங்கில். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் அதற்குக் ‘கல்கத்தா மூங்கில்’ என்றே பெயர். பிறகு சீனாவின் குவாங்டோங் பகுதியில் விளையும், டோங்கின் மூங்கில் என்று வணிகர்கள் அழைத்த இனம் அதன் இடத்தைப் பிடித்தது.

சிம்புகளை ஒட்டியது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசை. அந்தப் பசை ஈரத்தில் இளகும். ஆற்றில் நின்று பயன்படுத்தும் கருவிக்கு இதைவிடப் பொருந்தாத பசை இல்லை. அதனால்தான் பழைய கோல்களில் வளையம் இல்லாத இடங்களிலும் சிறுசிறு இடைவெளி விட்டுப் பட்டு நூல் கட்டியிருப்பார்கள். பார்க்க அலங்காரம்போல இருக்கும். பசை கைவிட்டாலும் சிம்புகள் பிரியாமல் பிடித்து வைத்த காவல் அது. நீரில் கரையாத செயற்கைப் பசைகள் இருபதாம் நூற்றாண்டில் வந்த பிறகே அந்த இடைக்கட்டுகள் தேவையற்றுப் போயின. 1950-இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதித்ததும் டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. அதற்குள் கண்ணாடி இழைக் கோல்கள் சந்தைக்கு வந்திருந்தன. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சிக்காக உருவான கார்பன் இழை, 1973-இல் ஃபென்விக் நிறுவனத்தின் கோலாகக் கடைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் புதுக் கோலின் மேல் அதே பழைய நூற்சுற்று ஏறியது.

இனி, அந்தச் சுற்று எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம். எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான். இந்தக் கட்டில் முடிச்சே கிடையாது. முடிச்சு மேடாக நிற்கும், பூச்சுக்கு வெளியே துருத்தும், அறுபடும் முதல் இடமும் அதுவாகவே இருக்கும். ஆகவே தொடங்கும்போது நூலின் முனையைக் கோலின் மேல் நீளவாக்கில் கிடத்தி, அதன் மேலேயே ஆறேழு சுற்றுச் சுற்றுகிறோம். அவ்வளவுதான். நுனி சிறைப்பட்டுவிட்டது, மிச்சத்தை வெட்டிவிட்டுத் தொடரலாம். முடிக்கும்போது இன்னும் அழகு. கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன்பே, இரட்டையாக மடித்த வேறொரு நூலைக் கண்ணிபோல அடியில் வைத்து அதன் மேல் சுற்றிக்கொண்டு போவோம். சுற்று முடிந்ததும் நூலை வெட்டி, அந்த முனையைக் கண்ணிக்குள் நுழைத்துக் கண்ணியை வெளியே இழுத்தால், முனை தன் சுற்றுகளுக்கு அடியிலேயே புகுந்து மறுபக்கம் வரும். வெளியே நீட்டிய நுனியைப் பிளேடால் ஒட்ட வெட்டினால் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது.

இது அவிழாமல் இருப்பதற்குக் காரணம் கணிதவியலாளர் ஆய்லர் கண்டுசொன்ன ஒரு சமன்பாடு. உருளையைச் சுற்றிய கயிற்றில் உராய்வால் கிடைக்கும் பிடிப்பு, சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று 4.8 மடங்கு. இரண்டு சுற்று 23 மடங்கு. மூன்றுக்கு 111. ஐந்து சுற்றில் 2,500 மடங்கைத் தாண்டிவிடுகிறது. துறைமுகத்தில் கப்பலின் வடத்தைக் கரையிலிருக்கும் இரும்புக் குற்றியில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான். நூலின் அடங்கிய முனையில் ஒரு கிராம் பிடிப்பு இருந்தால்கூட, ஐந்து சுற்றுக்கு அப்பால் அது இரண்டரைக் கிலோ இழுப்பைத் தாங்கும். அதற்கு முன்பே அந்த மெல்லிய நூல் அறுந்துவிடும்.

இறுக்கம் எவ்வளவு என்பதிலும் ஒரு வியப்பு இருக்கிறது. நூலை 100 கிராம் இழுப்பில் சுற்றுகிறோம் என்று கொள்வோம். விரலுக்கு அது ஒன்றுமே இல்லை. கோலின் விட்டம் 4 மில்லிமீட்டர், நூலின் அகலம் 0.15 மில்லிமீட்டர். இழுவிசையை ஆரத்தாலும் அகலத்தாலும் வகுத்தால் நூல் கோலின் மேல் செலுத்தும் அழுத்தம் கிடைக்கும். விடை, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 33 கிலோ. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் சுமார் 32 மடங்கு. வளையத்தின் கால் கோலில் பதிந்து கிடப்பது இதனால்தான். நுனியை நோக்கிப் போகப் போகக் கோல் மெலிகிறது; ஆரம் பாதியானால் அதே இழுப்பில் அழுத்தம் இரட்டிப்பாகும். அடிப்பகுதியில் இழுத்த அதே பலத்தோடு நுனியிலும் இழுத்துக் கட்டுவது மெல்லிய சுவரை நசுக்கும் வேலை. புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் பெரிய பிழை, தளர்வாகக் கட்டுவதல்ல. பயந்துகொண்டு அளவுக்கு மீறி இறுக்குவது. கட்டி முடித்தபின் வளையத்தைக் கட்டைவிரலால் தள்ளினால் அது முனகிக்கொண்டே சற்று நகர வேண்டும். அந்த அளவு போதும். எல்லா வளையங்களையும் கட்டிவிட்டு, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, கோணலானவற்றை நேராக்குவதும் இந்தத் தளர்வால்தான் முடிகிறது. திருகாணியில் இதற்கு இடமே இல்லை.

கட்டின் சுமை எல்லாக் கோலிலும் ஒன்றல்ல. வளையங்கள் கோலின் மேற்பக்கம் இருந்தால், மீன் இழுக்கும்போது நரம்பு அவற்றைக் கோலோடு சேர்த்து அழுத்தும். வளையங்கள் கீழே தொங்கும் ஸ்பின்னிங் கோலில் நேர்மாறு. வளைந்த வில்லின் உட்புறத்தில் நாண் நிற்பதுபோல் நரம்பு நிற்கிறது. நேராகப் போக விரும்பும் அந்த நரம்பு, வளையத்தைக் கோலிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது. நரம்பில் 5 கிலோ இழுப்பு, ஒரு வளையத்தில் அது 20 பாகை திரும்புகிறது என்றால் அந்த வளையத்தின் மேல் சுமார் 1.7 கிலோ. அதைத் தடுத்து நிறுத்துவது நூல் மட்டுமே. ஒற்றைக்கால் வளையத்தில் இன்னொரு அபாயம் உண்டு: கால் கட்டுக்குள்ளிருந்து வழுக்கி வெளியேறலாம். அதற்காக, சுற்று முடியும் இடத்தில் நூலை வளையத் தண்டின் மறுபக்கமாக ஒன்றிரண்டு முறை எடுத்துச்சென்று பூட்டுப் போடுவார்கள். அந்த இரண்டு சுற்று எடுத்துக்கொள்ளும் நேரம் அரை நிமிடம்.

சுற்றுவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. V வடிவில் வெட்டிய இரண்டு மரத்தாங்கிகள், கோல் கீறாமலிருக்க அவற்றில் ஒட்டிய துணி, நூற்கண்டைப் போட ஒரு டம்ளர், ஒரு தடித்த புத்தகம். நூலைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு இழுத்தால், மேலே எத்தனை பக்கங்கள் இருக்கின்றனவோ அதற்கேற்ற இறுக்கம் கிடைக்கும். கோலைத்தான் உருட்ட வேண்டும். நூல் தன்னிடத்தில் நிற்கும். வளையத்தின் காலை அதற்கு முன்பே அரத்தால் ராவி, நுனியைக் கத்தி முனைபோல் சரிவாக்கிவிட வேண்டும். அங்கே படிபோல ஒரு மேடு இருந்தால் நூல் அதில் ஏற முடியாமல் இடைவெளி விடும். அந்த இடைவெளி பின்னாளில் உப்புநீர் நுழையும் வாசல். ராவும்போது எழும் கூரிய பிசிறையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கோல் வளையும்போதெல்லாம் அது கார்பன் இழையில் ஊசியாகக் குத்தும்.

ஆழ்கடல் மீனுக்கான தடித்த கோல்களில், வளையத்தை வைப்பதற்கு முன்பே கோலின் மேல் ஒரு படுகைச் சுற்றுச் சுற்றிக்கொள்கிறார்கள். அது மெத்தை, அதோடு மின்காப்பும்கூட. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கார்பனும் உலோகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு சிறிய பேட்டரி. கரைந்து அழிவது உலோகம்தான்.

நூல் எது? தையல் கடையில் கிடைக்கும் சாதா நூல் ஆகாது. பருத்தி ஈரம் குடித்து இற்றுப்போகும். சிறுசிறு இழைகளை முறுக்கிய நூலில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். பூச்சின் மேல் ஒவ்வொரு பிசிறும் முள்ளாக நிற்கும். வேண்டியது, அறுபடாத நீள இழைகளை லேசாக முறுக்கிய நூல். கோலின் மேல் அது தட்டையாகப் படியும். ஒரு காலத்தில் இது பட்டு மட்டுமே. பிறகு நைலான் வந்தது. நைலான் வெற்றி பெற்றதற்கு விலை மட்டும் காரணமில்லை. அது மீள்தன்மையோடு நீளும். சுற்றியபின் அடியில் கோல் துளி ஒடுங்கினாலும், நீண்டிருந்த நூல் சுருங்கி இறுக்கத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. தடிமனுக்கு எழுத்துக் கணக்கு: மெல்லிய கோலுக்கு ஏ, அதைவிடத் தடித்தவற்றுக்கு டி. டி நூல் சுமார் கால் மில்லிமீட்டர்.

நூலின் நிறத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. சிவப்பு நைலானால் ஆசையாகக் கட்டி, மேலே எபாக்சிப் பிசின் பூசியதும் நூல் கறுத்து, கண்ணாடிபோலாகி, அடியிலிருக்கும் வளையத்தின் காலே தெரிய ஆரம்பிக்கும். நூல் சாயம் போய்விட்டது என்று பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். சாயம் எங்கும் போகவில்லை. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி புகுவதாக மாறுகிறதே, அதே நிகழ்ச்சிதான் இங்கும். நூலின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. நைலானுக்குச் சுமார் 1.53. இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு இழையின் பரப்பிலும் ஒளி சிதறித் திரும்புகிறது. நமக்கு நூல் பளிச்சென்று தெரிவது அந்தச் சிதறலால். எபாக்சியின் எண் நைலானுக்கு மிக அருகில் இருக்கிறது. அது இடைவெளிகளை நிரப்பியதும் ஒளிக்கு இழை எது, பிசின் எது என்று வேறுபாடு தெரிவதில்லை; சிதறாமல் நேரே ஊடுருவிப் போய்விடுகிறது. மூங்கில் கோல் செய்தவர்கள் இதைக் குறையாக நினைக்கவில்லை. வெள்ளைப் பட்டைக் கட்டி வார்னிஷ் பூசினால் பட்டு ஏறக்குறைய மறைந்து, மூங்கிலின் தேன்நிறம் மட்டும் தெரியும். நிறம் வேண்டுமென்பவர்களுக்கு இரண்டு வழி. எபாக்சி உள்ளே இறங்காதபடி முதலில் வேறொரு காப்புப் பூச்சைப் பூசுவது ஒன்று. ஒளி புகாத நிறமித் துகள்களை இழைக்குள்ளேயே கலந்து செய்த நூலை வாங்குவது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் உடன்பாடு. காப்புப் பூச்சு பூசினால் எபாக்சி நூலுக்குள் ஊறாமல் மேலோடு நின்றுவிடுகிறது.

எபாக்சி என்பது வேறொன்றுமில்லை, வீட்டில் உடைந்த சாமான் ஒட்டும் அரால்டைட்டின் நெருங்கிய உறவு. பிசின் ஒரு பங்கு, ஹார்ட்னர் ஒரு பங்கு. ஹார்ட்னரில் இருக்கும் அமீன் மூலக்கூறுகள் பிசின் மூலக்கூறுகளைக் கோத்துப் பின்னி வலையாக்குகின்றன. அளவு சரியாக இல்லையென்றால் ஒரு தரப்பு இணையில்லாமல் மிச்சப்பட்டு, பூச்சு என்றைக்கும் பிசுபிசுத்துக் கிடக்கும். ஆகவே ஊசிக்குழாயில் அளந்தே எடுக்க வேண்டும். கலந்ததை அலுமினியத் தாளில் பரப்பிவிடுவது நல்லது. இந்த வினை வெப்பம் உமிழும், கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். முதல் பூச்சு மிக மெல்லியதாக, நூலுக்குள் ஊறிக் காற்றை வெளியேற்றும்படி. பூசிய கோலை மெதுவாகச் சுழலும் மோட்டாரில் பொருத்தி, பூச்சு இறுகும்வரை மணிக்கணக்கில் சுற்ற விடுவார்கள். நிறுத்தி வைத்தால் புவியீர்ப்பில் பிசின் ஒரு பக்கம் வழிந்து தொங்கும். சுழன்றுகொண்டே இருந்தால் ‘கீழ்’ என்று ஒரு பக்கம் நிலைப்பதில்லை. பரப்பு இழுவிசை அதைச் சீராக இழுத்து வழவழப்பாக்குகிறது.

சென்னையின் ஐப்பசி மழையில் ஒருமுறை இந்த வேலையைச் செய்து ஒரு கோல் முழுவதையும் கெடுத்தேன். இரவு கண்ணாடிபோலப் பூசி வைத்தது, விடிந்து பார்த்தால் வெண்சாம்பல் படிந்து மங்கிக் கிடந்தது. தொட்டால் மெழுகு. பிசினோடு சேர வேண்டிய அமீன், ஈரக்காற்றின் நீரோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் உப்பாகப் படிந்திருக்கிறது. நல்லவேளையாக அந்தப் படிவு நீரில் கரையும். வெந்நீர்த் துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வெயில் வந்த நாளில் மறுபூச்சுப் பூசினேன். அன்றிலிருந்து மழைக்காலத்தில் கட்டு மட்டும்தான்; பூச்சு தைக்குப் பிறகு.

கைப்பிடிக்கு மேலே வைரம் வைரமாகத் தெரியும் அலங்காரக் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு நூல்களை எதிரெதிர்த் திசையில், ஒரே புரி இடைவெளியில் சுற்றினால், அவை ஒவ்வொரு அரைப் புரியிலும் ஒருமுறை வெட்டிக்கொள்ளும். ஒரு வெட்டு கோலின் முன்பக்கம், அடுத்தது பின்பக்கம். அந்த வெட்டுப்புள்ளியின் இருபுறமும் வேறு வேறு நிற நூல்களை வரிசையாகச் சேர்த்தால் வைரம் வளரும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்து ஒரு கோலின் தரத்தை எடை போடாதீர்கள். வளையத்தின் கால் நுனியில் நூல் இடைவெளியில்லாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடலுக்குப் போய்வந்த கோலை நல்ல நீரில் கழுவித் துடைக்கும்போது, ஒவ்வொரு கட்டின் வாயிலும் வெயிலில் பிடித்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். பூச்சில் மோதிரம்போல் விரிசலோ, அடியிலிருந்து பழுப்புக் கோடோ தெரிந்தால் மேலே நகப்பூச்சுப் பூசி மூடிவிடாதீர்கள். உள்ளே உப்பு புகுந்துவிட்டது. அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஒரு வளையத்துக்கு நாலைந்து மீட்டர் நூலும் ஒரு மணி நேரமும் போதும்.